பாயிஸின் தலைக்கவசம்

மாலை ஐந்தரை மணி. டிசம்பர் முதல் கிழமை... அதனால் நல்ல இருட்டு. ஒஷாவாவுக்கு வடக்கே போகும் ஒரு வீதி. இரண்டு பக்கமும் சோளம் வெட்டிய வெறும் வயல்கள். தெருவிளக்கு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு வீடும் இல்லை. காற்று வயலிலிருந்து பனித்தூளை அள்ளி வீதிக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறது. வாகன வெளிச்சத்தில் அது புகை ஊர்வது போலத் தெரிகிறது.

அந்த வீதியில் ஒரே ஒரு வான். ஓட்டுகிறவர் தனி ஆள். பின்னால், இருக்கைகள் கழற்றிய வெறுந்தரையில், ஹொக்கி விளையாடுகிறவர்கள் கொண்டுதிரியும் பெரிய கறுப்புப் பை ஒன்று. பைக்குள் ஓர் ஆளின் இரும்புக் கவசம். தலையிலிருந்து பாதம் வரைக்கும் முழுச் செற்.

அந்த ஆள் இறந்து அன்றைக்கு நாற்பத்து மூன்று நாள்.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். மெழுகுதிரி ஒன்று போதும், மற்றதை அணைத்து வையுங்கள். இந்த ஐஸ் மழைக்குக் கரண்ட் எப்போது வருமோ தெரியாது. இது எனக்கு நடந்தது இல்லை. என்னோடு வேலை செய்யும் யூஜினியின் அண்ணனுக்கு நடந்தது. செலஸ்ரின் என்று பெயர். இங்கே மில்லிக்கனில்தான் வீடு, நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஆறு தெரு தள்ளி. யூஜினி சொன்னதைச் சொல்கிறேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கடைசியில் நடந்ததை அவளே கண்ணால் பார்த்தவள்.

செலஸ்ரின் அண்ணைக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வேலை, கட்டடங்களுக்குக் காற்றுப் போகும் தகரக் குழாய்கள் செய்வது. நாள் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தகரம் மடிக்கிற மனுசன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கராஜுக்குள் போய்விடுவார். அங்கே அவருக்கு வேறு உலகம். அறுநூறு வருடத்துக்கு முன்னர் ஐரோப்பாவில் போர்வீரர்கள் போட்ட மாதிரி இரும்புக் கவசங்கள் செய்வார். மரக்குற்றியில் குழி தோண்டி, அதில் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து வளைப்பார். தோள்பட்டை, முழங்கால், கையுறை, தலைக்கவசம். ஒரு தலைக்கவசத்துக்கு மூன்று மாதம் போகும்.

சும்மா அலமாரியில் வைத்துப் பார்க்க இல்லை. போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். அதற்கு ஒரு சங்கம். வாள் இரும்புதான், விளிம்பு மட்டும் மழுக்கியது. நடிப்பும் இல்லை, ஒத்திகையும் இல்லை... உண்மையாகவே அடிப்பார்கள். ஒருவரை விழுத்தும் வரைக்கும் அடிக்கலாம். பாதம் தவிர உடம்பில் எந்த இடமும் தரையில் பட்டுவிட்டால் அவர் வெளியே. அதற்குப் பிறகு அவரில் கை வைக்கக்கூடாது. இன்னொன்று, பிடரியில் ஒருநாளும் அடிக்கக்கூடாது. அந்த இரண்டும்தான் பெரிய சட்டம்.

அவருடைய மனைவி எமில்டா பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லுவா. "மற்ற மனுசர் வருத்தமெண்டு டொக்டரிட்டப் போகினம். என்ர ஆள் அடி வாங்கப் போகுது, அதுவும் சந்தோசமா."

பாயிஸ் அந்தச் சங்கத்தில் இருந்த மற்றத் தமிழ் ஆள். என் வயதுக்காரன், முப்பத்தெட்டு. வெக்ஸ்போர்ட்டில் வீடு. விபத்தில் நசுங்கிய கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஒருநாள் வாகனம் திருத்தப் போன செலஸ்ரின் அண்ணை, அவன் சுத்தியல் பிடிக்கிற பிடியைப் பார்த்துக் கதை கொடுத்திருக்கிறார். இருவரும் மன்னார் என்று தெரிந்தது. அண்ணை பேசாலை, பாயிஸ் எருக்கலம்பிட்டி. தொண்ணூறில் இயக்கம் பாயிஸின் ஆட்களை, முஸ்லிம்களை எல்லாம், ஊரை விட்டு வெளியேற்றியபோது அவனுக்கு ஐந்து வயது. அண்ணைக்குப் பதினொன்று, எல்லாம் விளங்குகிற வயது. அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இரும்பைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். நான்கு வருடம்... ஒவ்வொரு சனிக்கிழமையும்.

பாயிஸின் கவசத்தை முழுதாகச் செய்து கொடுத்தது அண்ணைதான். நூலை வைத்து அவன் தலையைச் சுற்றி அளந்தார். நெற்றி, பிடரி, காது, தாடை எல்லாம் அளந்து எழுதி வைத்தார். முகத்தகட்டில் மூச்சு விட இருபத்தொரு துளை, வலப்பக்கம் மட்டும். சண்டைக்கு முன்னர் வாயில் ஒரு கராம்பைப் போட்டு மெல்லுகிறது பாயிஸின் பழக்கம். அந்தத் தலைக்கவசத்தைத் திறந்தால் கராம்பு வாசம் வரும். கராம்பும் வியர்வையும் எண்ணெயும் கலந்த வாசம்.

ஒக்டோபரில் ஒஷாவாவில் ஒரு சந்தை. பூசணிக்காய், ஆப்பிள் சாறு, பிள்ளைகளுக்கு வைக்கோல் வண்டி. நடுவில் கயிறு கட்டி இவர்களுடைய சங்கம் சண்டை காட்டுகிறது. இரண்டு பக்கமாகப் பிரித்ததில் அண்ணை ஒரு பக்கம், பாயிஸ் மற்றப் பக்கம். சனம் சுற்றி நிற்கிறது. அண்ணையின் மகள் மெலனி இரண்டு சிநேகிதிகளோடு வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் ஆட்டத்தில் பாயிஸ் அண்ணையை இடுப்பில் பிடித்துத் தூக்கி விழுத்தினான். சனம் கைதட்டியது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே மாதிரி. இந்த முறை அண்ணை மல்லாந்து விழுந்து, எழும்ப முடியாமல், கால் இரண்டையும் அடித்துக்கொண்டு கிடந்தார்... ஆமை மாதிரி. சனம் சிரித்தது. மெலனியும் சிரித்தாள். முகத்தகட்டின் இடுக்கால் அண்ணை பார்த்தது அதைத்தான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

மூன்றாவது ஆட்டம். நெரிசலில் பாயிஸின் கால் சறுக்கி ஒரு முழங்கால் தரையில் பட்டது. அவன் வெளியே. அவன் கையை உயர்த்தினான். "போதும்" என்றான். தமிழில் சொன்னான், அவர்கள் இருவருக்கும் மட்டும் விளங்கும்படி. பிடரி அண்ணைக்கு நேரே. நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், சனத்துக்கு நெரிசல் மறைத்தது.

அண்ணை கேடயத்தின் விளிம்பால் அந்தப் பிடரியில் அடித்தார்.

ஒரே ஒரு அடி. ஆனால் முழு உடம்பையும் கொடுத்து அடித்த அடி.

பாயிஸ் குப்புற விழுந்தான். பிறகு எழும்பி இருந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெளிறியிருந்தது. சிரித்தான்.

"அண்ணை, நான் போதும் எண்டனான் எல்லோ."

"கேக்கேல்லையடா. உதுக்குள்ள என்ன கேக்குது."

அது முதல் பொய். அண்ணைக்கு நன்றாகக் கேட்டது. யூஜினியிடம் அவர் அதைத்தான் முதலில் சொன்னாராம். "பிள்ளை, எனக்கு மணி மாதிரிக் கேட்டது."

பாயிஸ் கழுத்தைத் தடவிக்கொண்டு, பரவாயில்லை அண்ணை, விளையாட்டுத்தானே என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் ஆப்பிள் சாறு வாங்கப் போனான்.

ஒன்பதாம் நாள் அவன் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தான். அதற்கு முன்னர் நான்கைந்து நாளாகத் தலையிடி. பிடரியிலிருந்து தொடங்குகிற தலையிடி. யாருக்கும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மத்தியானம் அண்ணைக்குப் போன் வந்தது. பாயிஸின் மனைவி றசீனா. அண்ணை வேலை இடத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்தார். சுற்றிவர ஆட்கள்.

"அண்ணை, டொக்டர் கேக்கிறார். கிட்டடியில கழுத்தில அடி ஏதும் பட்டதோ எண்டு. உங்கட விளையாட்டில ஏதும் நடந்ததே?"

"இல்லைத் தங்கச்சி. அப்பிடி ஒண்டும் இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

"இல்லை."

ஏன் அப்படிச் சொன்னார்? அவருக்கே தெரியாது. பொலிஸ் வரும் என்று பயம், சங்கத்தால் வெளியே போடுவார்கள் என்று பயம்... இதெல்லாம் பிறகு தேடிக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நேரம் அவருக்கு முன்னால் வந்தது மெலனியின் சிரிப்பு மட்டும்தான். ஒரு பிள்ளை சிரித்ததற்காக முழங்காலில் நின்றவனுக்கு அடித்தேன் என்று எந்த வாயால் சொல்கிறது? தலையிடிதானே, இரண்டு நாளில் எழும்பி வருவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று பின்னேரம் மூன்று தரம் போனைக் கையில் எடுத்தார். மூன்று தரமும் திருப்பி வைத்தார்.

பாயிஸுக்கு முதலே பிரெஷர் இருந்தது. அந்த வழியில் வைத்தியம் போனது. கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தபோது மூன்றாம் நாள். பிடரிப் பக்கத்து இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தது. அன்றைக்குப் பின்னேரம் முடிந்துவிட்டான். முதலே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டொக்டர்மாரும் சொல்லவில்லை. பிழைத்திருக்கலாம்... பிழைக்காமலும் இருந்திருக்கலாம். அண்ணை இனி எத்தனை வருடம் இருந்தாலும் அது அவருக்குத் தெரியப் போவதில்லை.

அடக்கத்துக்குப் போனார். ஆண்களோடு வரிசையில் நின்று மண் போட்டார். றசீனாவின் தமையன் ஹபீபுல்லாஹ் இவருடைய தோளைப் பிடித்து, "உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைப்பான்" என்றார். அண்ணை தலையை ஆட்டினார்.

இரண்டு கிழமை கழித்து றசீனா கூப்பிட்டு அந்தப் பையைக் கொடுத்தாள்.

"நீங்கள் செய்தது. நீங்களே வச்சிருங்கோ. இஞ்ச இருந்தால் பிள்ளையள் திறந்து திறந்து மணந்து பாக்கினம்."

அவர் அதை வாங்கினார். வாங்கி, நன்றி என்று வேறு சொன்னார்.

பை கராஜுக்குள் போனது. ஒரு நாள் அண்ணை தலைக்கவசத்தை வெளியே எடுத்து, உள்ளே தைத்திருந்த பஞ்சு மெத்தையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். காயவைத்தார். மணந்து பார்த்தார். கராம்பு. மறுபடி கழுவினார், வினாகிரி விட்டு. கராம்பு. அதைத் திரும்பத் தைத்து, தலைக்கவசத்தைக் கராஜ் அலமாரித் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் விடிய ஆறேகால். வேலைக்குப் போக வந்து கராஜ் விளக்கைப் போட்டார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது. உள்ளேயும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. சுத்தியல், கத்தரிக்கோல், தகடு எல்லாம் காய்ந்து கிடந்தன, தொட்டால் கை ஒட்டுகிற குளிர். தலைக்கவசத்தில் மட்டும்... முகத்தகட்டின் இருபத்தொரு துளையைச் சுற்றியும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தாடியில் உறைந்த மாதிரி.

குளிரில் நின்று சண்டை பிடித்தவர்களுக்கு அது தெரிந்த விசயம். உள்ளே ஆள் இருந்து மூச்சு விட்டால்தான் அந்தத் துளைகளில் பனி கட்டும்.

அண்ணை கிட்டப் போனார். முகத்தகட்டை நிமிர்த்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. கையை விட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ஆள் எழும்பிப் போன கதிரை சூடாக இருக்குமே... அந்த மாதிரிச் சூடு.

அன்றைக்கே சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தார். அவர் ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில் இருக்கிற வெள்ளைக்காரர். புதிதாக வந்த பெடியனுக்குக் கவசம் வேண்டும், கொண்டுவாருங்கள் என்றார். அதுதான் அண்ணை அந்த வீதிக்குப் போன காரணம்.

இப்போது வானுக்கு வருவோம்.

ஐந்தரை மணி. றேடியோ இல்லை. டயர் பனியை அரைக்கிற சத்தம். பின்னால் பைக்குள்ளே தகடுகள் கலகல என்று உரசுகிற சத்தம். வளைவு வந்தால் பை ஒரு பக்கம் சறுக்கும், சத்தம் கூடும். அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஓர் இடத்தில் அந்தச் சத்தம் மாறியது.

விளங்கிக்கொள்ளுங்கள். இவர் இருபது வருடமாகத் தகரத்தோடு வாழ்கிற மனுசன். பையில் கிடக்கிற கவசத்துக்கு ஒரு சத்தம். ஆள் போட்டிருக்கிற கவசத்துக்கு இன்னொரு சத்தம். ஆள் போட்டால் உடம்பும் பஞ்சு அங்கியும் இரும்பை அமத்திவிடும். கலகல என்று கேட்காது. தோல்வார் இழுபடுகிற கிறீச்... அதற்குப் பிறகு தகட்டில் தகடு மெல்ல ஏறுகிற டக். ஆள் மூச்சை இழுத்தால் கிறீச். விட்டால் டக்.

கிறீச்... டக்.

கிறீச்... டக்.

அண்ணை கண்ணாடியில் பார்த்தார். இருட்டு. பிறேக்கை மிதித்தார். பின்னால் இருக்கிற பை ஒரேயடியாக முன்னுக்குச் சறுக்கி வந்து அவருடைய இருக்கையில் மோத வேண்டும். மோதவில்லை. கிறீச் என்று ஒரு நீளமான சத்தம் மட்டும். பஸ்ஸில் பிறேக் போட்டால் இருக்கிறவர் முன்னுக்குச் சாய்ந்து, பிறகு நிமிர்வாரே... அப்படி.

கராம்பு வாசம் வந்தது. முதுகுப் பக்கமிருந்து. கழுத்தில் சூடாக.

வானை ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். பின்கதவைத் திறப்பதற்கு எவ்வளவு நேரம் அந்தக் குளிரில் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. திறந்தார். பை முன்னர் வைத்த இடத்தில், படுக்கையாக, சிப் பூட்டியபடி கிடந்தது. கதவை அடைத்துவிட்டுத் திரும்ப ஏறி இருந்தார்.

அந்த நேரம் போன் அடித்தது. வான் ஸ்பீக்கரில். றசீனா.

"அண்ணை, ஏன் எடுத்திட்டுக் கதைக்காமல் இருக்கிறியள்?"

"நான் எடுக்கேல்லைத் தங்கச்சி."

"மூண்டு தரம் எடுத்திட்டியள். ஒருத்தரும் கதைக்கேல்லை. மூச்சு மட்டும் கேக்குது. வாளிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு மூச்சு விடுற மாதிரி."

அண்ணை போனைப் பார்த்தார். அவருடைய போனிலிருந்துதான் போயிருக்கிறது. மூன்று அழைப்பு. முதலாவது ஐந்து பத்து. அவர் இரண்டு கையாலும் வானை ஓட்டிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணை... ஏதும் சொல்ல வேணுமெண்டால் சொல்லுங்கோ."

பின்னால் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கிறீச்சும் இல்லை, டக்கும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிற அமைதி.

சொன்னார். ஒஷாவாச் சந்தை. மூன்றாவது ஆட்டம். பாயிஸ் முழங்காலில் நின்றது. கேடயத்தால் பிடரியில் அடித்தது. டொக்டர் கேட்டபோது இல்லை என்றது. எல்லாவற்றையும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

றசீனா அழவில்லை. சாதாரணமான குரலில் சொன்னாள்.

"டொக்டர் கேட்டதும் நான் முதல் அவரிட்டத்தான் கேட்டனான். வாய் ஒரு பக்கம் இழுத்துப் போச்சு, வடிவாக் கதைக்க ஏலாது. அண்ணையைக் கேள் எண்டு மட்டும் சொன்னவர். அண்ணை சொல்லுவார் எண்டு. அதாலதான் உங்களுக்கு எடுத்தனான்."

யூஜினி எனக்கு இதைச் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டாள். அவளுடைய காருக்குள், பிளாசா பார்க்கிங்கில் இருந்தோம். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

றசீனா கடைசியாகச் சொன்னாள், "வெள்ளிக்கிழமை வீட்டை வாங்கோ. தொழுகை முடிய ஹபீபுல்லாஹ் நானா வருவார். அவருக்கு முன்னால சொல்லுங்கோ." வைத்துவிட்டாள்.

அண்ணை பண்ணை வீட்டுக்குப் போகவில்லை. வானைத் திருப்பினார். வரும் வழி முழுக்க, பையில் கிடக்கிற தகடுகளின் கலகல மட்டும்தான் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாராம்.

வெள்ளிக்கிழமை போனார். வெக்ஸ்போர்ட்டில் அந்தச் சின்ன வீட்டு முன்னறை. ஹபீபுல்லாஹ் தொப்பியோடு இருந்தார். றசீனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அந்த நேரத்திலும் தேத்தண்ணி வைத்தாள். பிள்ளைகளை மேலே அனுப்பியிருந்தார்கள்.

அண்ணை சொல்லி முடித்தார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவார்கள், அடிப்பார்கள், பொலிஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவர் அவர். உள்ளுக்குள்ளே அதற்கு ஆசைப்பட்டும் போனவர். ஹபீபுல்லாஹ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பிள்ளை நடக்கிற சத்தம்.

றசீனா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் வாயால ஏதும் சொன்னவரே? நிப்பாட்டச் சொல்லி?"

இதுதான் இடம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு வார்த்தைதான். அண்ணை வாயைத் திறந்தார். றசீனாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில்... எப்படிச் சொல்கிறது... இல்லை என்று சொல்லுங்கோ என்று இருந்ததாம். விளையாட்டில் தவறிப் பட்ட அடி என்றால் அவள் தாங்குவாள் என்று இருந்ததாம். அப்படித்தான் அண்ணை யூஜினிக்குச் சொன்னார். உண்மையாகவே அவள் முகம் அப்படி இருந்ததோ, இவர் அப்படிப் பார்க்க விரும்பினாரோ.

"கேக்கேல்லைத் தங்கச்சி. ஹெல்மெட்டுக்குள்ள ஒண்டும் கேக்காது."

றசீனா தலையை ஆட்டினாள். ஹபீபுல்லாஹ் எழும்பி வந்து அவருக்குக் கை கொடுத்தார். "வந்து சொன்னியளே. அது பெரிய விசயம். கன பேர் வந்து சொல்ல மாட்டினம்" என்றார். அண்ணை அந்தக் கையைப் பிடித்தார்.

அந்தக் கையைப் பிடித்ததுதான் தான் செய்ததிலேயே கேவலமான வேலை என்று அண்ணை சொன்னாராம். அடித்ததை விட.

சனிக்கிழமை காலை பத்து மணி. நல்ல வெயில். அண்ணை யூஜினிக்குப் போன் எடுத்து, பிள்ளை, ஒரு இடத்துக்கு வா என்றார். பழைய இரும்பு வாங்குகிற இடம், ஸ்காபரோவில். பையைக் கொடுத்துவிட வேண்டும், தனியாகப் போக ஏலாது என்றார். வானில் போகும்போதுதான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். பாயிஸ் 'போதும்' என்றது தனக்குக் கேட்டது என்பதையும். அவளுக்கு மட்டும்.

யூஜினி எனக்குச் சொன்னாள். நான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். றசீனாவுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. நான் அவளை மாதத்தில் இரண்டு தரமாவது வெக்ஸ்போர்ட்டில் மரக்கறிக் கடையில் காண்கிறேன். முருங்கைக்காய் நல்லதாக வந்திருக்கு என்று காட்டுவாள். நான் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டு வருவேன். என்னைப் பார்க்காதீர்கள்... நீங்களும் நாளைக்கு அப்படித்தான் சிரிப்பீர்கள்.

சரி. அந்த இடம். பெரிய முற்றம், மலை மாதிரிப் பழைய இரும்பு. உள்ளே ஒரு கொட்டில், நிலத்தோடு பதித்த இரும்புத் தராசு, சுவரில் சிவப்பு இலக்கம் காட்டுகிற பெட்டி. அங்கே வேலை செய்கிறவன் ஒரு வாட்டசாட்டமான இளைஞன், காதில் பாட்டு மாட்டியிருந்தான். வானுக்குள் எட்டி, அந்தப் பையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனான். சுகமாகத்தான் தூக்கினான்.

அண்ணைக்கு அந்தக் கவசத்தின் நிறை மனப்பாடம். ஒவ்வொரு தகட்டையும் நிறுத்துச் செய்தவர். முப்பத்தொரு கிலோ.

இளைஞன் பையைத் தராசில் வைத்துவிட்டு விலகி நின்றான். சிவப்பு இலக்கம் ஓடியது. நூற்றுப்பதின்மூன்று.

அவன் காதில் இருந்ததைக் கழற்றினான். பையைத் தூக்கினான். இலக்கம் பூச்சியத்துக்கு வந்தது. திரும்ப வைத்தான். நூற்றுப்பதின்மூன்று. தராசு பழுதாகிவிட்டது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஆளைக் கூப்பிட உள்ளே போனான்.

யூஜினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் போட்டிக்கு முன்னர் எல்லோரையும் நிறுத்துப் பதிவார்கள். பாயிஸின் நிறை எண்பத்திரண்டு கிலோ.

யூஜினி அதைக் கணக்குப் பார்க்கவில்லை. அவள் இலக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பை வைத்தால் இலக்கம் ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. நூற்றுப்பதின்மூன்று... நூற்றுப்பன்னிரண்டு புள்ளி எட்டு... நூற்றுப்பதின்மூன்று... நூற்றுப்பன்னிரண்டு புள்ளி எட்டு. மெதுவாக, ஒரே சீராக. டொக்டரிடம் போய் நிறை பார்க்கிறபோது, நாங்கள் அசையாமல் நின்றாலும், மூச்சு விடுகிறதற்கு இலக்கம் ஏறி இறங்குமே... அப்படி.